தொலைக்காட்சியில் அளந்த பட்டு

"சுவாமி, பொய் சொல்வதற்கு வாய் வேண்டுமா?"

கேட்டவர் தணிகாசலம். அவர் கேட்டது தம் குருவாகிய அருளம்பல அடிகளை.

கொன்றைக்குன்றின் உச்சியில் முருகப்பெருமானுக்குச் சிறு கோயில் ஒன்று உண்டு. அதன் பின்புறத்தில், வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டு அடிகள் குந்தியிருந்தார். அபிடேக நீர் வெளியேறும் கோமுகியில் நேற்றைய பூக்கள் அடைத்துக்கொண்டிருந்தன. ஓர் ஈர்க்கினால் அவற்றை வெளியே இழுத்துக்கொண்டிருந்தார்.

"வாய் வேண்டாம்" என்றார், திரும்பாமலே. "கண்ணாலும் சொல்லலாம். கையாலும் சொல்லலாம். நீங்கள் எதனால் சொன்னீர்கள்?"

"கேமராவால்."

ஈர்க்கு நின்றது.

"அப்படியா? இது நான் கேள்விப்படாத வகை. உட்கார்ந்து சொல்லுங்கள்."

குருவுக்கு நாற்பது வயது நிரம்பவில்லை. சீடருக்கு அறுபத்துமூன்று.

தணிகாசலம் தொலைக்காட்சி நிலையம் ஒன்றில் முப்பத்தைந்து ஆண்டுகள் ஒளிப்பதிவாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி மறைந்த பின் ஒரு நாள் இந்தக் குன்றில் ஏறினார். பிறகு இறங்கவில்லை. நெஞ்சுவரை வெண்தாடி. புதிதாக மலையேறி வருவோர் அவர் காலில்தான் முதலில் விழுவார்கள். அவர் பதறிப்போய்க் குருவைச் சுட்டிக்காட்டுவார். அடிகள் பெரும்பாலும் அப்போது கையில் துடைப்பத்தோடு நிற்பார்.

நாள்தோறும் உச்சிக்கால பூசையை நேரலையாக அனுப்புவது தணிகாசலத்தின் பணி. பூசையை அடிகளே செய்வார். கடல் கடந்தும் அதைக் காண்போர் உண்டு.

"என்ன பொய் சொன்னீர்கள்?"

"பெருமானைப் பெரியவராகக் காட்டிவிட்டேன்."

"அவர் பெரியவர் இல்லையா?"

"விளையாட வேண்டாம், சுவாமி. மூலவர் திருமேனி ஒரு சாணும் இரண்டு விரலும். அவ்வளவுதான்."

"ஆம்."

"கேமராவைத் தரையோடு தரையாக வைத்தேன். நெருங்கி வைத்தேன். பக்கத்தில் இருந்த குத்துவிளக்கை விலக்கினேன். செம்பையும் விலக்கினேன். தீபம் காட்டும் உங்கள் கைகூடப் படத்துக்குள் வராது. சுடர் மட்டும் வரும். அளவு பார்க்க அருகில் ஒன்றுமே இல்லை. பார்ப்பவருக்குப் பெருமான் விண்ணை முட்டி நிற்பது போல் இருக்கும்."

"அழகாக இருக்கும்."

"அழகுக்காகத்தான் செய்தேன். அந்த அழகு இப்போது சந்நிதியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கிறது."

"யார்?"

"மலேசியாவில் தைப்பிங் என்ற ஊரிலிருந்து வந்த ஓர் அம்மையார். காலையில் நீங்கள் ஊற்றுக்குப் போயிருந்தபோது வந்தார். பெருமானுக்கு வேண்டுதலாகப் பட்டு கொண்டு வந்திருக்கிறார். தாமே பூவேலை செய்தது. ஆளுயரப் பட்டு, சுவாமி. ஆளுயரம்!"

அடிகள் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார். அவர் முகத்தில் வருத்தம் இல்லை. ஆவல்தான் இருந்தது.

"ஆளுயரம் என்று அவருக்கு எப்படித் தெரிந்தது?"

"அதை நான் கேட்கவில்லை."

"அதையல்லவா முதலில் கேட்டிருக்க வேண்டும்?"

"கேட்கும் நிலையில் நான் இல்லை, சுவாமி. இன்று முதல் பெருமானின் பக்கத்தில் ஒரு தேங்காயை வைத்துவிடுகிறேன். பார்ப்பவருக்கு அளவு விளங்கும். யாரும் ஏமாற மாட்டார்கள். அதற்கு உத்தரவு கொடுங்கள். இல்லையேல் இந்தப் பணியிலிருந்து என்னை விடுவித்துவிடுங்கள்."

"தேங்காய் எவ்வளவு பெரியது?"

"சுவாமி?"

"தேங்காய். எல்லாம் ஒரே அளவாகவா காய்க்கின்றன?"

தணிகாசலம் இரண்டு கைகளையும் தேங்காயளவுக்குக் குவித்துப் பார்த்தார்.

"வையுங்கள், வையுங்கள்" என்றார் அடிகள். "நானும் பார்க்கிறேன்."

*

சந்நிதியின் முன், கல்தூண் ஒன்றில் சாய்ந்து அந்த அம்மையார் அமர்ந்திருந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். மடியில் வெள்ளைத் துணியில் பொதிந்த ஒரு மூட்டை. அதை இரு கைகளாலும் பிடித்திருந்தார்.

ஈர வேட்டியோடு வந்து நின்றவரை நிமிர்ந்து பார்த்தார்.

"தம்பி, சாமியார் எப்ப வருவாரு?"

"அம்மா, இவர்தான் சுவாமி" என்றார் தணிகாசலம்.

"இவரா?"

அடிகளை ஒருமுறை பார்த்தார். தணிகாசலத்தின் தாடியை ஒருமுறை பார்த்தார். திரும்பிக் கருவறையைப் பார்த்தார்.

"இங்க எதுவுமே நான் நெனச்ச மாதிரி இல்ல."

அடிகள் வாய்விட்டுச் சிரித்தார். "வந்த புதிதில் எனக்கும் அப்படித்தான் இருந்தது, அம்மா." அவர் எதிரே தரையில் அமர்ந்துகொண்டார். "பெயர்?"

"தனபாக்கியம், சாமி."

"பட்டை நான் பார்க்கலாமா?"

அம்மையார் மூட்டையை அவிழ்த்தார். பிரித்துக்கொண்டே போனார். தணிகாசலம் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு பின்வாங்கிப் பின்வாங்கி மண்டபத்தின் மறுபக்கம் வரை போக நேர்ந்தது.

குங்குமச் சிவப்பு. ஓரம் முழுவதும் மயில்கள். ஒவ்வொரு மயிலின் கழுத்திலும் கடுகளவு நீலமணிகள் நெருக்கமாகக் கோக்கப்பட்டிருந்தன. ஒரு மயில்கூட மற்றொன்றின் நகல் இல்லை. ஒன்று மேகம் பார்த்தது. ஒன்று காலைத் தூக்கி நின்றது. ஒன்று தூங்கியது.

அடிகள் நெடுநேரம் தூங்கும் மயிலைப் பார்த்தார்.

"அளவை எப்படி எடுத்தீர்கள்?"

"டிவியில வச்சு அளந்தேன், சாமி."

"எதைக் கொண்டு?"

"நாடாவக் கொண்டுதான். நான் தையல்காரி. முப்பது வருசமா ஊரு பிள்ளைங்களுக்குப் பள்ளிக்கூடச் சட்டை தைக்கிறேன். ஒரு தடவகூட அளவு தப்புனதில்ல." மூக்கைத் துடைத்துக்கொண்டார். "சாமி தோளுலேருந்து பாதம் வரைக்கும் பதினேழு அங்குலம்."

"பதினேழு அங்குலம் எப்படி ஆளுயரம் ஆயிற்று?"

"டிவியில எல்லாம் சின்னதாத்தானே தெரியும்? நேர்ல பெருசா இருக்கும்ல? அதுக்காக நாடகத்துல வர்ற ஒரு ஆளையும் அளந்தேன். அவன் நேரா நிக்கும்போது ஓடிப்போயி நாடாவ வச்சேன். தோளுலேருந்து பாதம் வரைக்கும் சரியா அதே பதினேழு. அந்த ஆளு நேர்ல அஞ்சரை அடிக்குக் கொறையாம இருப்பான். அப்ப சாமி?"

"அஞ்சரை அடி" என்றார் அடிகள். அவர் கண்கள் ஒளிர்ந்தன. "கணக்கில் பிழையே இல்லை, அம்மா."

"கணக்கு சரிதான், சாமி. சாமிதான்..."

நிறுத்திக்கொண்டார்.

"பெருமான்தான் தப்பாக இருக்கிறாரா?"

"ஐயோ!" தனபாக்கியம் இரண்டு கன்னங்களிலும் போட்டுக்கொண்டார். போட்டுக்கொண்ட கையோடு மறுபடியும் அழுகை வந்துவிட்டது.

தரையில் புரண்ட பட்டு முனையை அடிகள் எடுத்துத் தம் மடியில் வைத்துக்கொண்டார்.

"அவரு செம்பனைப் பழம் ஏத்துற லோரி ஓட்டுனாரு, சாமி. என் வீட்டுக்காரரு. போன வருசம் ஒரு நாளு, வண்டிய ஓரமா நிறுத்தினவரு எறங்கவே இல்ல. வலது பக்கம் பூரா விழுந்துபோச்சு. இனிமே நடக்க மாட்டாருன்னு ஆஸ்பத்திரியில சொல்லிட்டாங்க. அன்னிக்கு வேண்டிக்கிட்டேன். அவரு தன் காலால நடந்து இந்த மலையேறி வரணும். வர்ற அன்னிக்கு என் கையால செஞ்ச பட்ட சாமிக்குச் சாத்தணும். அத அவரு கண்ணால பாக்கணும்."

"நடக்கிறாரா?"

"நடக்கிறாரு."

"பட்டை அவர் பார்த்திருக்கிறாரா?"

"மூட்டையாத்தான் பாத்திருக்காரு. சாமி மேல சாத்துற வரைக்கும் விரிச்சுக் காட்டக் கூடாதுன்னு நானே ஒரு கட்டுப்பாடு வச்சுக்கிட்டேன்."

"பூசையை அவரும் பார்ப்பதுண்டா?"

"ஒரு நாள் விடாம. இங்க உச்சிக்காலம்னா அங்க ரெண்டரை மணி. நான் ஹால்ல டிவியில பாப்பேன். அவரு பின் அறையில கெடந்தாரு. போனக் கட்டில் கம்பியில கட்டித் தொங்கவிட்டுக் குடுத்தேன்."

அடிகள் சற்று முன்னே குனிந்தார்.

"கட்டிலின் எந்தப் பக்கம்?"

"இடது பக்கம். வலது பக்கந்தான் திரும்பவே முடியாதே."

"ம்" என்றார் அடிகள்.

தணிகாசலத்துக்கு இந்தக் கேள்வி எதற்கென்று விளங்கவில்லை. விளங்காத பல கேள்விகள் இந்தக் குன்றில் அவர் காதில் விழுந்ததுண்டு. பொறுமையிழந்து தாமே பேசினார்.

"அம்மா, நீங்கள் கைதேர்ந்தவர். பட்டை வெட்டிச் சிறிதாக்கிவிட முடியாதா?"

"மயில வெட்டச் சொல்றீங்களா, ஐயா?"

தணிகாசலம் தலைகுனிந்தார்.

"ஒவ்வொரு மணிக்கும் ஒருதரம் நிமிந்து பாப்பேன். அவருக்கு மூச்சு வருதான்னு. வந்துச்சுன்னா அடுத்த மணியக் கோப்பேன். அப்படிச் செஞ்சது, ஐயா."

"மடித்துச் சாத்தினால்?"

"மடிச்சுச் சாத்துனா, அளவு தெரியாதவ தச்ச துணின்னு பாக்கிற எல்லாருக்கும் தெரியும். அதுகூடப் பரவாயில்ல. அவருக்குத் தெரியும். முப்பது வருசமா எங்கிட்ட ஒரு குத்தமும் கண்டுபிடிக்காத மனுசன்." குரல் தாழ்ந்தது. "சாத்த முடியாமப் போனா, குடுத்த காலத் திருப்பி வாங்கிக்குவாரோன்னு பயமா இருக்கு, சாமி. நாளைக்கு எங்களுக்கு விமானம்."

"வாங்கிக்கொள்வார் என்று யார் சொன்னது?"

"யாரு சொல்லணும்? சொன்ன நாளுக்கு ஒரு பிள்ளைக்குச் சட்டை குடுக்கலன்னா எனக்கே தூக்கம் வராது. சாமிக்குச் சொல்லிட்டுக் குடுக்கலன்னா?"

அடிகள் பட்டைத் தாமே மடிக்கத் தொடங்கினார். அதன் பழைய மடிப்புகளைப் பார்த்துப் பார்த்து மடித்தார். மடித்து முடித்தபோது அது இரண்டு கைகளில் அடங்கியது.

"அவர் இப்போது எங்கே இருக்கிறார்?"

"அடிவாரத்துல, டாக்சியில. சாமிய ஒருதரம் பாத்துட்டு வந்து கூட்டிட்டுப் போறேன்னு நான்தான் முன்னாடி ஓடி வந்தேன். இப்ப எந்த மொகத்த வச்சுக்கிட்டுக் கீழ போவேன்?"

"நீங்கள் போக வேண்டாம். தணிகாசலம் ஐயா, நீங்கள் போய் அழைத்து வாருங்கள். அவராக நடக்கட்டும். தூக்க வேண்டாம்."

"உத்தரவு, சுவாமி."

"பெருமானின் உயரத்தைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம்."

தணிகாசலம் திடுக்கிட்டார். குருவைத் தனியே அழைத்துப்போய்த் தாழ்ந்த குரலில் சொன்னார்: "இந்த அம்மையார் பட்டது போதாதா, சுவாமி? அந்த மனிதர் இத்தனை மாதம் படுக்கையில் கிடந்தவர். அவரும் இத்தனை படி ஏறி வந்து நெஞ்சு உடைய வேண்டுமா? வழியிலேயே பக்குவமாகச் சொல்லிவிட்டால் தாங்கிக்கொள்வார்."

"என்னவென்று சொல்வீர்கள்?"

"சிறியவர் என்று."

"எதைவிட?"

தணிகாசலம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். படியிறங்கினார்.

*

நூற்று நாற்பத்திரண்டு படிகள்.

அடிவாரத்தில் வேப்பமர நிழலில் டாக்சி நின்றது. கதவைத் திறந்து ஒரு பெரிய மனிதர் இறங்கினார். அகன்ற தோள். வலப்புறம் மட்டும் சற்றே தாழ்ந்திருந்தது. நாலு கால் ஊன்றுகோலைத் தரையில் ஊன்றி, அது ஆடவில்லை என்று உறுதி செய்துகொண்டு நிமிர்ந்தார். கழுத்தில் ஒரு சிவப்புப் பட்டுக் கயிறு. அதன் நுனியில் பழைய கைப்பேசி ஒன்று தொங்கியது.

"வணக்கம் சாமி. நான் மருதமுத்து. காலுல விழுந்தா எந்திரிக்க முடியாது. மன்னிச்சுக்கணும்."

"நான் சுவாமி இல்லை, ஐயா. சுவாமி மேலே இருக்கிறார். நான் பூசையைக் கேமராவில் எடுப்பவன்."

மருதமுத்துவின் கண்கள் அகன்றன. இடக்கையால் தணிகாசலத்தின் கையைப் பற்றிக்கொண்டார். விடவில்லை.

"நீங்கதானா! ஐயா, உங்களாலதான்யா நான் எந்திரிச்சேன்."

தணிகாசலம் கையை மெல்ல விடுவித்துக்கொண்டார். "வாருங்கள். மெதுவாக ஏறுவோம்."

"மெதுவாத்தான் ஏறும். பழைய லோரி. மொத கியர விட்டு மாத்தவே கூடாது."

முதல் படியில் ஊன்றுகோல். பிறகு இடக்கால். பிறகு வலக்காலை, ஒரு குழந்தையைக் கூட்டிவருவதுபோல், பின்னாலிருந்து கூட்டிவந்து சேர்த்தார்.

இருபது படிகள் ஏறியதும் நின்றார்.

"சுமை ஏத்தாத வண்டிதானே, ஏன் இப்படி மூச்சு வாங்குதுன்னு பாக்கிறீங்க. நானேதான் சுமை."

தணிகாசலம் சிரிக்க முயன்றார். முடியவில்லை.

"பாக்கியம் சாமியப் பாத்துட்டாளா?"

"பார்த்துவிட்டார்."

"என்ன சொன்னா?"

"அழுதார்."

"அவ சந்தோசத்துக்கும் அழுவா. மக கல்யாணத்துல மாப்பிள்ள வீட்டுக்காரங்க பயந்தே போயிட்டாங்க."

மீண்டும் ஏறினார்கள். அறுபதாம் படியில் ஒரு பாறையில் சாய்ந்துகொண்டு மருதமுத்து தாமே சொல்லத் தொடங்கினார்.

"இந்தப் போனு கட்டில் கம்பியில தொங்கும், ஐயா. இந்தக் கயிறு அவ தச்ச துணியில மிஞ்சுனது. ஒரு தடவ கீழ விழுந்து பாதித் திரை செத்துப்போச்சு. கறுப்பு. மீதிப் பாதியில சாமி வருவாரு. மகன் புதுசு வாங்கித் தர்றேன்னான். வேணாம்னுட்டேன். இதுல வந்தவரு அதுல வருவாரோ மாட்டாரோ."

கைப்பேசியைத் தட்டிக் கொடுத்தார்.

"ஒரு நாளு ரெண்டரை மணிக்குச் சாமிக்குத் தீபம் காட்டுறாங்க. கையெடுத்துக் கும்பிடணும்னு தோணுது. கை வரல. எரிச்சல்னா எரிச்சல். அவரையே பாத்துக்கிட்டு இழுக்குறேன், இழுக்குறேன். திடீர்னு வலது கை இப்படி நகந்து இடது பக்கம் வந்து அவரு மேல விழுந்துச்சு. பூசை நின்னுபோச்சு!"

"நின்றுபோயிற்றா?"

"தொட்டா நின்னுரும்ல போனு! தீபம் பாதியில நிக்குது. நான் கத்துறேன், பாக்கியம், சாமி நின்னுட்டாருன்னு. அவ ஓடி வந்தா. பாத்தா. என் கை எங்க கெடக்குன்னு பாத்தா. அவ்வளவுதான், அழுக."

அவர் சிரித்தார். தணிகாசலமும் சிரித்தார். சிரித்தபோது கண் நிறைந்தது. அதை மறைக்கத் திரும்பிக்கொண்டார். தாம் காட்டியது பொய் என்று தெரியாமல் அல்லவா இந்த மனிதர் அதைப் பிடித்துக்கொண்டு எழுந்தார் என்று எண்ணினார். இன்னும் எண்பத்திரண்டு படிகள். அதன் பிறகு?

நூறாம் படியில் தணிகாசலத்தால் பொறுக்க முடியவில்லை.

"ஐயா, மேலே போனதும் நீங்கள் காண்பது..."

"சொல்லாதீங்க!" மருதமுத்து ஊன்றுகோலைப் படியில் தட்டினார். "நாடகம் பாக்கும்போது பக்கத்துல உக்காந்து முடிவச் சொல்ற ஆளுங்க இருப்பாங்க. அவங்களோட எனக்கு ஆகாது. நானே பாத்துக்கிறேன்."

மற்றப் படிகளில் ஊன்றுகோலின் ஓசை மட்டும் கேட்டது.

*

உச்சிக்காலம்.

கருவறையின் திரை மூடியிருந்தது. உள்ளே அடிகள். வெளியே, வாயிற்படியின் ஓரத்தில், தனபாக்கியம் ஒரு தாம்பாளத்தை ஏந்தி நின்றார். தாம்பாளத்தில் மடித்த பட்டு. கணவர் மண்டபத்துக்குள் தம் காலால் நடந்து வந்ததைப் பார்த்தார். பார்த்தவுடன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"வந்துட்டேன், பாக்கியம்" என்றார் மருதமுத்து, மூச்சு வாங்கியபடி. "நூத்தி நாப்பத்திரெண்டு. எண்ணிக்கிட்டே வந்தேன்."

தனபாக்கியம் தலையசைத்தார்.

தணிகாசலம் கேமராவின் பின்னால் போய் நின்றார். காலையில் பொறுக்கி எடுத்து வைத்த தேங்காயை எடுத்துக்கொண்டு, திரையை விலக்காமல் உள்ளே நீட்டினார்.

"சுவாமி, தேங்காய்."

"கொடுங்கள்."

கல்லில் தேங்காய் உடையும் ஓசை கேட்டது.

"சுவாமி! அது அளவுக்காக..."

"நிவேதனத்துக்கு ஆயிற்று" என்றது உள்ளிருந்து வந்த குரல். "மருதமுத்து ஐயா வந்துவிட்டாரா?"

"வந்துவிட்டார், சுவாமி."

"நடுவில் வந்து நிற்கச் சொல்லுங்கள்."

மருதமுத்து நடுவில் வந்து நின்றார். ஊன்றுகோலை இடக்கையில் இறுகப் பிடித்துக்கொண்டார்.

தனபாக்கியம் கண்களை மூடிக்கொண்டார்.

மணி ஒலித்தது. திரை விலகியது.

பெருமான் நின்றார். ஒரு சாணும் இரண்டு விரலும். அணி ஒன்றும் இல்லை. இடையில் ஒரு வெள்ளைத் துண்டு. கையில் வேல். எண்ணெய் மின்னும் கருங்கல் திருமேனிக்கு முன் அடிகளின் கையில் தீபம்.

மணியோசை அடங்கிற்று.

தணிகாசலம் கேமராவின் பொத்தானில் விரலை வைத்தார்.

மருதமுத்து குனிந்து தம் கழுத்தில் தொங்கிய கைப்பேசியைப் பார்த்தார். நிமிர்ந்து கருவறையைப் பார்த்தார். மறுபடியும் கைப்பேசியைப் பார்த்தார். வலக்கையை மெல்ல, மிக மெல்ல உயர்த்தி, அதன் கட்டைவிரலைக் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டார்.

"அடேயப்பா!"

மண்டபம் அதிர்ந்தது.

"எவ்வளவு பெரியவரு! பாக்கியம், ஏ பாக்கியம், கண்ணத் தொற! இந்த வெரலு அளவுதான் இருப்பாருன்னு நெனச்சுக்கிட்டுல்ல வந்தேன்! எவ்வளவு பெருசா நிக்கிறாரு பாரு!"

தனபாக்கியம் கண்ணைத் திறந்தார்.

தணிகாசலத்தின் விரல் கேமராவின் பொத்தான் மேல் இருந்தது. அதை அழுத்த அவர் மறந்துபோனார்.

மருதமுத்துவின் பார்வை கருவறையிலிருந்து இறங்கித் தாம்பாளத்துக்கு வந்தது. அதில் இருந்த சின்ன மடிப்பைப் பார்த்தார். அவர் முகத்தில் கவலை படர்ந்தது.

மனைவியின் பக்கம் சாய்ந்து, பெருமானின் காதில் விழுந்துவிடக் கூடாதே என்பதுபோல், தாழ்ந்த குரலில் கேட்டார்:

"உன் துணி பத்துமா, பாக்கியம்?"

அடிகள் தீபத்தைக் கீழே வைத்துவிட்டுப் பட்டுக்காகக் கையை நீட்டினார்.

தனபாக்கியம் பெருமானைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். தையல்காரி அளவெடுப்பதுபோல், தோளிலிருந்து பாதம் வரை பார்த்தார்.

"பாத்துக் கட்டுனா பத்துங்க" என்றார்.